ஐரோப்பாவின் பாட்டி வீட்டில் கிறிஸ்துமஸ்

பண்டிகை என்றாலே பாட்டி வீடுதான். மாமா, சித்தி, அத்தை, பேரன் பேத்தி என்று எல்லாரும் ஒரே கூரையின் கீழ் கூடிவிடுவார்கள். ஆனால் ஒரு பாட்டியின் பேரன்களில் ஒருவர் ஜெர்மனியின் பேரரசராகவும், ஒருவர் பிரிட்டனின் அரசராகவும், பேத்தி ரஷ்யாவின் பேரரசியாகவும் ஆனால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்? அந்தப் பாட்டிதான் விக்டோரியா மகாராணி. 9 பிள்ளைகள், 42 பேரப்பிள்ளைகள். 'ஐரோப்பாவின் பாட்டி' என்று அவரை அழைத்தது சும்மா இல்லை!

1840இல் விக்டோரியா ஜெர்மானிய இளவரசர் ஆல்பர்ட்டை மணந்தார். அதன் பிறகு விண்ட்சர் கோட்டையில் கிறிஸ்துமஸ் களைகட்டியது. ஜெர்மானிய வழக்கப்படி டிசம்பர் 24ஆம் தேதி மாலையே பரிசுகள் தரப்படும். வீட்டில் உள்ளவர்களுக்குத் தனித்தனி மேசைகள். அவற்றின் மேல் பரிசுகளும், மெழுகுவர்த்தி ஏற்றிய மரங்களும் இருக்கும். கிறிஸ்துமஸ் மரத்தை இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தவர் ஆல்பர்ட் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி, ஜெர்மனியில் பிறந்த சார்லட் ராணி, 1800இலேயே விண்ட்சரில் மரம் வைத்துவிட்டார். ஆனால் அரச குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை 1848இல் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வெளியிட்ட பிறகுதான் அந்த வழக்கம் சாதாரண மக்களின் வீடுகளுக்கும் வேகமாகப் பரவியது.

இந்த மகிழ்ச்சி அதிக நாள் நீடிக்கவில்லை. 1861 டிசம்பர் 14 அன்று, கிறிஸ்துமஸுக்குப் பதினோரு நாள் முன்பு, ஆல்பர்ட் விண்ட்சரில் இறந்தார். அதன் பிறகு மகாராணி பெரும்பாலும் வைட் தீவில் உள்ள ஆஸ்போர்ன் மாளிகையில்தான் கிறிஸ்துமஸைக் கழித்தார். வாழ்நாள் முழுவதும் கறுப்பு உடைதான். ஆனாலும் மரமும் பரிசு மேசைகளும் நிற்கவில்லை. பண்ணையில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கும் பரிசு உண்டு. அந்த மாளிகையின் தர்பார் அறையை 1890களின் தொடக்கத்தில் இந்தியப் பாணியில் வடிவமைத்தவர் பஞ்சாபைச் சேர்ந்த பாய் ராம் சிங் என்பது நமக்குச் சுவையான செய்தி.

எல்லாக் கூட்டுக் குடும்பங்களையும் போல இங்கும் எல்லாரும் வந்து சேர முடியவில்லை. மூத்த மகன் எட்வர்ட் தன் பிள்ளைகளுடன் சாண்ட்ரிங்ஹாமில் தனியாகக் கிறிஸ்துமஸ் கொண்டாடினார். மூத்த மகள் 1858இலேயே பிரஷ்ய இளவரசருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டார். தாய்க்கும் மகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கான கடிதங்கள்தான் பாலம். இரண்டாவது மகள் ஆலிஸ், 1878இல் தந்தை இறந்த அதே டிசம்பர் 14 அன்று, டிப்தீரியாவால் இறந்தார். தாயை இழந்த அந்தப் பிள்ளைகளைப் பாட்டி அடுத்த மாதமே ஆஸ்போர்னுக்கு வரவழைத்துக்கொண்டார். அவர்களில் ஆறு வயதுச் சிறுமி அலிக்ஸும் ஒருத்தி. பின்னாளில் ரஷ்யாவின் பேரரசி!

திருமண உறவுகள் ஐரோப்பாவை ஒன்றாகக் கட்டிப்போடும் என்று விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை பாட்டி உயிரோடு இருக்கும்போதே ஆட்டம் கண்டது. 1866 போரில் மூத்த மகள் வாழ்ந்த பிரஷ்யா ஒரு பக்கம், ஆலிஸ் வாழ்ந்த ஹெஸ்ஸே எதிர்ப்பக்கம். அக்காவும் தங்கையும் எதிரெதிர் நாடுகளில்!

1901 ஜனவரி 22 அன்று ஆஸ்போர்னில் மகாராணி இறந்தார். அப்போது தன் கையால் அவரைத் தாங்கியிருந்தவர் மூத்த பேரன், ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1914 ஆகஸ்டில், அதே வில்ஹெல்மின் நாட்டோடு இன்னொரு பேரன் ஐந்தாம் ஜார்ஜின் நாடு போரில் இறங்கியது. அலிக்ஸின் ரஷ்யா ஜார்ஜின் பக்கம் நின்றது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு ஜார்ஜின் மகள் மேரியின் பெயரில் படைவீரர்களுக்குப் பித்தளைப் பெட்டிகளில் பரிசு போனது. பரிசு மேசைகள் இருந்த குடும்பம், பதுங்குகுழிகளுக்குப் பரிசு அனுப்ப வேண்டியதாயிற்று.

டிசம்பர் 24 இரவு மேற்குப் போர்முனையில் ஓர் அதிசயம் நடந்தது. ஜெர்மன் வீரர்கள் தங்கள் பதுங்குகுழிகளின் விளிம்பில் மெழுகுவர்த்தி ஏற்றிய சிறு மரங்களை வைத்துப் பாடினார்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்கு அது அந்நியமான காட்சி இல்லை. அவர்கள் வீட்டிலும் அதே மரம்தான். பல இடங்களில் இரு தரப்பும் வெளியே வந்து கை குலுக்கின, இறந்தவர்களைச் சேர்ந்து புதைத்தன. சில இடங்களில் சுடுவது நிற்கவேயில்லை. நின்ற இடங்களிலும் போர் விரைவில் திரும்பியது.

1917இல் ஜார்ஜ் தன் குடும்பத்தின் ஜெர்மானியப் பெயரை நீக்கி 'விண்ட்சர்' என்று வைத்துக்கொண்டார். 1918 ஜூலையில் அலிக்ஸ் கணவரோடும் பிள்ளைகளோடும் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் வில்ஹெல்ம் முடியிழந்து நெதர்லாந்துக்கு ஓடினார்.

பாட்டி வீட்டுப் பாசம் பொய் இல்லை. தாயில்லாத பேத்தியை அணைத்துக்கொண்டது நிஜம், சாகும் பாட்டியைப் பேரன் தாங்கியதும் நிஜம். ஆனால் பீரங்கிகளும் படைகளும் ஒப்பந்தங்களும் உறவுமுறை பார்ப்பதில்லை. நாடுகளின் சமாதானத்தை ஒரு குடும்பத்தின் தலையில் ஏற்றி வைத்ததுதான் தவறு. அரசர்கள் காக்க முடியாத சமாதானத்தைச் சில மணி நேரமாவது காத்தவர்கள், பெயர் தெரியாத சாதாரண வீரர்கள்தான்.