ஒரே துப்பாக்கி, இரண்டு நியாயம்

மே 4 வருது. கோயிலுக்கு வர்ற பிள்ளைங்களுக்கு ஒரு வரலாறு சொல்லணும்னு நினைக்கிறோம்.

1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட் தோட்டங்களில் 3 வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டுக் கொன்றார்கள். நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. அதற்குப் பிறகு துரைமார்கள் துப்பாக்கியோடுதான் வெளிக்காட்டுக்குப் போனார்கள். அதுக்குப் பேரு தற்காப்பு. லைசென்ஸ் இல்லாதவன் வச்சிருந்தா தூக்கு.

1949 மார்ச்சில், நம்ம ரவாங் வாட்டர்ஃபால் தோட்டத்துப் பக்கம் எஸ்.ஏ. கணபதி ஒரு கைத்துப்பாக்கியோடு பிடிபட்டார். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். கண்டெடுத்ததை போலீசில் ஒப்படைக்கப் போனதாகச் சொன்னார். கோர்ட்டு ஏற்கவில்லை. நேரு அரசாங்கம் கருணை கேட்டும் பலனில்லை. 1949 மே 4, புடு சிறையில் தூக்கிலிட்டார்கள்.

துரை இடுப்பில் இருந்தா காவல், நம்ம ஆள் கையில் இருந்தா பாசக்கயிறு. எங்க பெரியவங்க அவர் பேரைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாங்க.

பிள்ளைங்களே, பாதுகாப்புக்குன்னு யாராவது துப்பாக்கி கொடுத்தா கையால தொடாதீங்க. இன்னைக்கும் அதுக்கு ஜெயிலும் ரோத்தானும் இருக்கு. பெத்தவங்களை நினைச்சுப் பாருங்க.

மே 4 மாலை பூஜையில் கணபதி பேருக்கு ஒரு விளக்கு ஏத்துவோம். குடும்பத்தோட வாங்க. ஓம் சக்தி.