பியர்டியூப்: காணொளித் தளத்தின் செலவைப் பகிர்ந்துகொண்ட வரலாறு

இணையத்தில் எழுத்தைச் சேமித்து வைக்க அதிகம் செலவாகாது. காணொளியைச் சேமித்து வைப்பதோ யானையைக் கட்டித் தீனி போடும் வேலை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 4 மெகாபிட் அளவில் ஓடும் ஒரு மணி நேரக் காணொளி ஏறத்தாழ 1.8 ஜிகாபைட் இடத்தைப் பிடிக்கும். அதை 1000 பேர் முழுமையாகப் பார்த்தால் வழங்கியிலிருந்து (சர்வரிலிருந்து) 1.8 டெராபைட் தரவு வெளியே போயிருக்கும். பதிவேற்றியது ஒரே ஒருமுறைதான்; செலவோ ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஏறுகிறது. 2005இல் தொடங்கப்பட்ட யூடியூப், மறு ஆண்டே 165 கோடி டாலர் மதிப்புக்குக் கூகுளின் கைக்குப் போனதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

விளம்பரமும் பெருமுதலீடும் இல்லாமல் ஒரு சங்கமோ பள்ளியோ நண்பர் குழுவோ காணொளித் தளம் நடத்த முடியுமா? இந்தக் கேள்விக்குப் பிரான்சில் கிடைத்த விடை பியர்டியூப் என்னும் கட்டற்ற மென்பொருள். அந்த விடையும் ஒரே நாளில் முழுமையாகக் கிடைத்துவிடவில்லை.

இதை வளர்த்தெடுத்த அமைப்பின் பெயர் ஃப்ராமாசாஃப்ட். பிரெஞ்சு, கணிதம் என்ற இரு பாடங்களின் பெயர்களிலிருந்து எடுத்த எழுத்துகளே அந்தப் பெயரின் முற்பகுதி. ஆசிரியர்களின் முயற்சியிலிருந்து முளைத்தது என்பதற்கு அதுவே சாட்சி. 2001இல் கட்டற்ற மென்பொருள்களை அறிமுகப்படுத்தும் இணையதளமாகத் தொடங்கி, 2004இல் இலாப நோக்கற்ற சங்கமாக அது பதிவு செய்யப்பட்டது. 2014இல் "இணையத்தைக் கூகுளிடமிருந்து விடுவிப்போம்" என்ற பொருள்படும் இயக்கத்தைத் தொடங்கி, கூட்டாக எழுதும் பலகை, நாட்காட்டி, வாக்கெடுப்பு என்று முப்பதுக்கும் மேற்பட்ட சேவைகளை நன்கொடைப் பணத்தில் நடத்திக்காட்டியது. காணொளி மட்டும் கைக்கு எட்டவில்லை. மேலே சொன்ன கணக்குதான் தடை.

புனைபெயரிலேயே அறியப்படும் ஒரு பிரெஞ்சு நிரலாளர், 2015 முதல் ஓய்வு நேரத்தில் பியர்டியூப்பை எழுதிவந்தார். 2017 அக்டோபரில் ஃப்ராமாசாஃப்ட் அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. அந்த மென்பொருளில் இரண்டு எண்ணங்கள் இணைந்திருந்தன. முதலாவது கூட்டமைப்பு. ஒரே பெரிய தளத்துக்குப் பதிலாகப் பல சிறு தளங்கள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் உரிமையாளர், அதனதன் விதிகள். ஆனால் ஒன்றின் காணொளிப் பட்டியல் மற்றொன்றிலும் தெரியும். இதற்கான ஆக்டிவிட்டிபப் நெறிமுறை 2018 ஜனவரியில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக வெளியானது. இரண்டாவது எண்ணம் வெப்டாரன்ட் நுட்பம். ஒரே காணொளியை ஒரே நேரத்தில் பலர் பார்க்கும்போது, ஒருவருடைய உலாவி தான் பெற்ற துண்டுகளை அடுத்தவருக்கு அனுப்பும். பார்வையாளரே பரிமாறுபவராகவும் ஆகிவிடுவதால், கூட்டம் கூடக்கூட வழங்கியின் சுமை அதே விகிதத்தில் ஏறாது. இதற்கு ஒரு விலையும் உண்டு: பார்ப்பவரின் ஐ.பி. முகவரி மற்றப் பார்வையாளர்களுக்குத் தெரிந்துவிடும். எனவே இதை அணைத்துவைக்கும் வசதியும் தரப்பட்டது.

2018 கோடையில் முதல் முழுப் பதிப்புக்காகப் பொதுமக்களிடம் 20,000 யூரோ கேட்டார்கள்; 53,100 யூரோ சேர்ந்தது. அதே நாட்களில் ஒரு நிகழ்ச்சி தானாகவே விளம்பரம் தேடித் தந்தது. முப்பரிமாண வரைகலைக்குப் பெயர்பெற்ற ப்ளெண்டர் அமைப்பு தன் யூடியூப் சேனலில் விளம்பரம் இல்லாமலே காணொளிகளை வெளியிட்டுவந்தது. 2018 ஜூனில் அந்தக் காணொளிகள் உலகெங்கும் முடக்கப்பட்டன. ப்ளெண்டர் உடனே தனக்கென ஒரு பியர்டியூப் தளத்தை அமைத்துக்கொண்டது. அக்டோபரில் 1.0 பதிப்பு வெளிவந்தது. ஒரு தளத்தில் அதிகம் பார்க்கப்படும் காணொளிக்கு நட்புத் தளம் பிரதி வைத்துக்கொண்டு பாரத்தில் பங்கேற்கும் வசதியும் அதில் இருந்தது.

ஆனால் தளங்களை நடத்தத் தொடங்கியவர்களுக்குப் பாரம் வேறு இடங்களிலும் இருப்பது தெரிந்தது. பார்வையாளர்கள் தங்களுக்குள் பகிர்வது, ஒரே நேரத்தில் பலர் பார்த்தால்தான் பலிக்கும். சிறு தளத்திலுள்ள காணொளியை இன்று ஒருவர், நாளை மறுநாள் இன்னொருவர் என்றுதான் பார்ப்பார்கள். அங்கே பகிர்ந்துகொள்ள ஆள் ஏது? மாறாக, வட்டில் இடம் நாள்தோறும் குறைந்துகொண்டே போகும். ஒருவர் ஒரு கோப்பை ஏற்றினால், கைப்பேசிக்கும் கணினிக்கும் ஏற்ப அதைப் பல தரங்களில் மாற்றி வைக்க வேண்டும். அந்த மாற்றும் வேலை செயலியை மணிக்கணக்கில் பிழிந்தெடுக்கும். சுமையைக் குறைக்க வந்த வெப்டாரன்டே இடத்தைத் தின்றது என்பது இதில் ஒரு வேடிக்கை. 2019இல் எச்.எல்.எஸ். என்ற ஒளிபரப்பு முறையும் சேர்க்கப்பட்டபின், இரண்டையும் வைத்திருந்த தளங்களில் ஒவ்வொரு காணொளியும் இரட்டிப்பு இடத்தைப் பிடித்தது. 2023 நவம்பரில் வந்த 6ஆம் பதிப்பில் வெப்டாரன்ட் நீக்கப்பட்டது. எச்.எல்.எஸ். முறையிலேயே பார்வையாளர் பகிர்வு தொடர்கிறது.

இதற்கிடையே ஒவ்வொரு சுமைக்கும் ஒரு வழி தேடப்பட்டது. கோப்புகளை வாடகைக்குக் கிடைக்கும் மலிவான வெளிச் சேமிப்பில் வைக்கும் வசதி 2021இல் வந்தது. தரம் மாற்றும் வேலையை வேறொரு கணினிக்கு ஒப்படைக்கும் வசதி 2023இல் வந்தது. இதனால் வலுவான வழங்கியை ஆண்டு முழுவதும் வாடகைக்கு எடுக்கத் தேவையில்லை. பதிவேற்றம் குவியும் நாட்களில் இன்னொரு கணினியைக் கைமாற்றாகச் சேர்த்துக்கொண்டால் போதும். ஆயினும் நடத்துநர்களுக்கு அன்றாடம் கைகொடுப்பது பழைய, எளிய கருவிதான். ஒருவர் இவ்வளவுதான் ஏற்றலாம் என்ற மொத்த வரம்பு, ஒரு நாளைக்கு இவ்வளவு என்ற தினசரி வரம்பு, அதுவும் போதாவிட்டால் புதிய கணக்குகளுக்குக் கதவடைப்பு. ஃப்ராமாசாஃப்ட்டே தன் சொந்தக் காணொளித் தளத்தில் பொதுமக்களைப் பதிவேற்ற விடவில்லை. உங்களுக்கென ஒரு தளம் அமைத்துக்கொள்ளுங்கள் என்றது. இதைக் கஞ்சத்தனம் என்று சொல்வது சரியாகாது. எல்லாரும் ஒரே வாசலில் வந்து குவிந்தால், எந்தப் பெருந்தளத்துக்கு மாற்றாகப் புறப்பட்டார்களோ அதுவாகவே தாங்களும் ஆகியிருப்பார்கள்.

2019 செப்டம்பரில் அந்தச் சங்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. தன் பல சேவைகளைப் படிப்படியாக மூடப்போவதாகவும், பயனர்கள் மற்றச் சிறு அமைப்புகளுக்குச் செல்லலாம் என்றும் அறிவித்தது. அன்று அங்கே சம்பளத்துக்கு இருந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. வளர்ச்சியை வெற்றியாகவே எண்ணிப் பழகிய துறையில் இது அரிதான முடிவு.

மனித உழைப்பே கடைசிவரை குறையாத செலவு என்பதைப் பெரிய நிறுவனங்களும் கண்டன. 2020 ஊரடங்கின்போது பிரான்சின் கல்வி அமைச்சகம் ஆசிரியர்களுக்காகப் பியர்டியூப் தளங்களைத் திறந்தது. அவற்றைப் பராமரிக்க அரசின் ஊழியர்கள் இருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வை அலுவலகம் 2022 ஏப்ரலில் ஒன்றிய நிறுவனங்களுக்காக ஒரு பியர்டியூப் தளத்தைச் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. 2024 மே மாதம் அது மூடப்பட்டது. பொறுப்பேற்று நடத்த ஒன்றியத்தின் வேறெந்த நிறுவனமும் முன்வரவில்லை.

2023 அளவில் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பியர்டியூப் தளங்கள் இயங்கின. அதுவரை அந்த நிரலைச் சம்பளத்துடன் கவனித்துவந்தவர் அதே ஒற்றை நிரலாளர்தான். இரண்டாமவர் சேர்ந்தது அந்த ஆண்டில்.