வணிகனும் பேரரசனும்: யாக்கோபு புக்கரின் வரலாறு

மன்னர் பெயரையும் போர் நிகழ்ந்த ஆண்டையும் நிரல்படக் கூறுவதே வரலாறு என்று கருதிய காலம் கழிந்தது. படையை நடாத்தியவன் மன்னனாயின், அப்படைக்குச் சம்பளங் கொடுத்தவன் யாவன் என்ற வினாவையும் வரலாற்று மாணவன் எழுப்புதல் வேண்டும். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஐரோப்பாவைப் பொறுத்தமட்டில், அவ்வினாவுக்கு விடையாகப் பலவிடத்தும் எதிர்ப்படுவது ஒரு வணிகனின் பெயரே. தென் ஜேர்மனியிலுள்ள ஓக்ஸ்பேர்க் நகரத்து யாக்கோபு புக்கர் என்பவனே அவ்வணிகன். செல்வமும் அரசும் தம்முள் எதனை எது ஆளுகின்றது என்பதை ஆராய்வார்க்கு இவன் வரலாறு சிறந்ததொரு சான்றாகும்.

யாக்கோபு வறுமையினின்று உயர்ந்தவனல்லன். அவனுடைய பாட்டனாகிய ஹான்ஸ் என்னும் நெசவாளன் 1367ஆம் ஆண்டிலே அயற்கிராமத்தினின்றும் ஓக்ஸ்பேர்க்கிற் குடியேறித் துணி வாணிபத்தாற் பொருளீட்டினான். 1459இல் யாக்கோபு பிறந்தபோது புக்கர் குடும்பம் அந்நகரத்துச் செல்வக் குடும்பங்களுள் ஒன்றாயிருந்தது. 1469இல் தந்தை இறக்க, தாய் பார்பரா வாணிபத்தைத் தளரவிடாது காத்தாள். இளமையிலேயே யாக்கோபு வெனிஸ் நகருக்குச் சென்று, ஜேர்மன் வணிகர்க்கென அமைந்த பெரும் பண்டசாலையிலே தொழில் பயின்றான். உண்டியல் மாற்று, இரட்டைப் பதிவுக் கணக்கு முதலியவற்றில் இத்தாலியரே அக்காலத்தில் ஐரோப்பாவுக்கு ஆசிரியராவர். முன்னோர் ஈட்டிய முதலோடு இக்கல்வியும் சேர்ந்தமையே அவனது பிற்கால உயர்வுக்கு அடிப்படை எனலாம்.

துணி விற்ற குடும்பத்தை உலோகத்தின்பால் திருப்பியதே யாக்கோபின் முதற் பெருஞ்செயல். தீரோல் நாட்டுக் கோமகன் சிகிஸ்மண்ட் ஆடம்பரத்தாலும் போராலும் கடன்பட்டிருந்தான். எனினும் அவன் நாட்டிலே சுவாஸ் என்னுமிடத்து வெள்ளிச் சுரங்கங்கள் வளமாயிருந்தன. சுரங்கத்து வெள்ளியைக் குறைந்த விலைக்குப் பெறும் உரிமை கோமகனுக்கு இருந்தது. யாக்கோபு அவனுக்குப் பணங் கொடுத்து, ஈடாக அவ்வுரிமையைப் பெற்றான். கடன் வெள்ளியாகவே திரும்பியது. அவ்வெள்ளி சந்தையிலே கூடிய விலைக்கு விற்கப்பட்டது. 1490இல் சிகிஸ்மண்டின் நாடு மக்சிமிலியனுக்குச் சென்றபோது, நாட்டோடு கடன்காரனும் மாறினானேயன்றிக் கடன் கொடுப்பவன் மாறினானல்லன். இம்முறையையே யாக்கோபு பின்னர் அங்கேரியிலும் கையாண்டான். துர்சோ குடும்பத்தாரோடு கூட்டுச் சேர்ந்து செப்புச் சுரங்கங்களைக் குத்தகைக்கெடுத்து, அச்செம்பை டான்சிக் வழியாக அன்ற்வேர்ப்பன் துறைமுகத்துக்கு அனுப்பினான்.

இச்செம்பு நம் நாட்டு வரலாற்றோடும் தொடர்புடையது. கேரளக் கரையிலே மிளகு வாங்கப் போர்த்துக்கேயர் கொண்டுவந்த பொருள்களுட் செம்பு முதன்மையானது. 1505இல் பிரான்சிஸ்கோ டி அல்மெய்தா இந்தியாவுக்குக் கொண்டுவந்த கப்பற்படையிலே ஜேர்மன், இத்தாலிய வணிகர் முதலிட்ட மூன்று கப்பல்களும் இருந்தன. அம்முதலில் புக்கர் குடும்பத்துக்கும் சிறு பங்குண்டு. அவ்வல்மெய்தாவின் மகன் லொறன்சோவே இலங்கைக் கரையை முதலில் அடைந்த போர்த்துக்கேயத் தலைவன் என்பதை நம் மாணவர் அறிவர்.

திருச்சபையின் பணமும் புக்கரின் கைவழியே சென்றது. பிரண்டன்பேர்க் அல்பிரெக்ட் என்பான் மைன்ஸ் நகரத்து அதிமேற்றிராணியார் பதவியைப் பெறுதற்கு உரோமாபுரிக்குச் செலுத்தவேண்டிய பெருந்தொகையை யாக்கோபிடமே கடன்வாங்கினான். அக்கடனைத் தீர்க்கும் பொருட்டுப் பாவமன்னிப்புச் சீட்டுகள் விற்கப்பட்டன. வருவாயிற் பாதி கடனுக்கும் மற்றைப் பாதி பாப்பரசருக்கும் சென்றன. இவ்விற்பனையே 1517இல் மாட்டின் லூதரின் கண்டனத்துக்குக் காரணமாயிற்று. ஐரோப்பிய சமயச் சீர்திருத்தத்தின் தோற்றுவாயிலே ஒரு வணிகனின் பேரேடு கிடந்ததென்பது வியப்புக்குரியது. 1520இல் எழுதிய நூலொன்றிலே லூதர் இக்குடும்பத்தைப் பெயர் சுட்டிக் கண்டித்தார்.

யாக்கோபின் செல்வாக்கு உச்சநிலை எய்தியது 1519இலாகும். மக்சிமிலியன் இறந்தபின் பேரரசுப் பதவிக்கு அவன் பேரன் சாள்ஸும் பிரான்சிய மன்னன் முதலாம் பிரான்சிசும் போட்டியிட்டனர். எழுவர் தேர்வாளரின் ஆதரவைப் பெறச் சாள்ஸின் சார்பிற் செலவாகிய தொகை ஏறத்தாழ 8,52,000 கில்டர். அதில் ஏறத்தாழ 5,44,000 கில்டரை யாக்கோபே வழங்கினான். எஞ்சியதை வெல்சர் குடும்பத்தாரும் இத்தாலிய வணிகரும் கொடுத்தனர். 1519 யூன் 28ஆந் தேதி சாள்ஸ் தெரிவுசெய்யப்பட்டான்.

முடி கிடைத்தது, கடன் திரும்பிற்றில்லை. 1523இல் யாக்கோபு பேரரசனுக்குக் கடிதமொன்று விடுத்தான். தன் உதவியின்றேல் அம்முடி கிடைத்திராது என்பதை ஒளிவுமறைவின்றி நினைவூட்டி, பணத்தைக் கேட்டான். குடிமகனொருவன் பேரரசனுக்கு இவ்வாறு எழுதத் துணிந்தமை அக்காலத்திற் கேட்டறியாத செயல். பேரரசன் சினந்தானல்லன். ஏகபோக வாணிபம் நடத்தினரென்று பெருவணிகர்மீது தொடரப்பட்ட வழக்கை நிறுத்தினான்; இசுப்பானியாவிலே பெரும் வருவாய்களையும் குத்தகைக்கு விட்டான். 1525இல் ஜேர்மன் குடியானவர் நிலவுடைமையாளரின் கொடுமைக்கெதிராகக் கிளர்ந்தபோது, அக்கிளர்ச்சியை அடக்கிய படைக்கும் யாக்கோபின் பணம் பயன்பட்டது. சட்டம் செல்வனைத் தீண்டாது நின்றதையும், அவன் செல்வம் ஏழைகளை அடக்கத் துணைபோனதையும் வரலாறு மறைத்தலாகாது.

இத்தகையோன் ஏழைகளுக்கு அறமுஞ் செய்தான் என்பது முரணாகத் தோன்றும். ஓக்ஸ்பேர்க்கில் வறிய கத்தோலிக்கத் தொழிலாளர் குடியிருக்க அவன் அமைத்த புக்கரை என்னும் குடியிருப்புக்கு 1521இல் அறக்கொடைச் சாசனம் எழுதப்பட்டது. ஆண்டுக்கு ஒரு கில்டரே வாடகை. அதனோடு, நிறுவியவர் ஆன்மாவுக்காக நாள்தோறும் மூன்று செபங்கள் சொல்லுதல் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் 1944இல் குண்டுவீச்சாற் சிதைந்து மீளக் கட்டப்பட்ட இக்குடியிருப்பு இன்றும் நிலைபெறுகின்றது. பழைய கில்டருக்கு ஈடாக ஆண்டுக்கு 88 யூரோ சதமே அடிப்படை வாடகையாக இன்றும் பெறப்படுகின்றது.

யாக்கோபு 1525 திசெம்பர் 30ஆந் தேதி மகப்பேறின்றி இறந்தான். 1511இல் ஏறத்தாழ 2 இலட்சம் கில்டராயிருந்த நிறுவனத்தின் முதல், 1527இல் எடுத்த கணக்கிலே 20 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தது. அத்தொகையை இன்றைய நாணயத்திற் பெயர்த்துக் கூறுதல் ஐயத்துக்கிடமானது. எனினும் அக்காலத்துப் பெருஞ்செல்வர் வரிசையில் அவனை முன்வைத்து எண்ணுதல் பொருந்தும். தமையன் மகன் அன்ரன் வாணிபத்தை மேலும் விரித்தான். ஆயினும், 1557இல் இசுப்பானிய அரசு தன் கடன்களைச் செலுத்தாது நிறுத்தியதும், பின்னரும் பலமுறை அவ்வாறே செய்ததும் நிறுவனத்தை நலிவித்தன. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் அது மறைந்தது.

இதனாற் பெறப்படுவது யாது? பேரரசனை ஆக்கியவன் வணிகனென்று கூறுதல் ஒருபுடை உண்மையேயாம். கொடுத்த கடனை இழவாதிருக்க மேலும் கடன் கொடுக்கவேண்டிய நிலையில், கடன்பட்டவனின் ஏவலாளாகக் கடன் கொடுத்தவனே மாறுகின்றான். முடிக்கு ஈடாக முடியையன்றி வேறெதனைப் பற்றுவது? அரசன் கொடேன் என்றபோது வணிகனுக்கு வழக்குமன்றம் இல்லை. அரியணைகளுக்கு அளந்த இலட்சக்கணக்கான கில்டரின் பயன் இன்று ஏட்டளவில் மாத்திரமே உள்ளது. அதனோடு ஒப்பிடச் சிறிதாகிய அறக்கொடையோ ஐந்நூறு ஆண்டு கடந்தும் ஏழையர்க்குக் கூரையாய் நிற்கின்றது. அவ்வறம் அவன் செய்த தீமைகளைக் கழுவிவிட்டது என்பது நம் கருத்தன்று. செல்வம் அதிகாரத்தோடு பிணைந்தவிடத்து நாட்டின் சட்டமும் சமயமும் தளர்ந்தன என்பதையும், அப்பிணைப்பினின்று விலக்கி வைக்கப்பட்ட பகுதியே நிலைத்தது என்பதையும் ஒருங்கே கண்டு எடைபோடுதலே வரலாற்று மாணவர் கடனாகும்.