ஒரு மருத்துவ இடமும் மூன்று அதிகாரங்களும்



அமெரிக்காவில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், இங்கே அதிபர் ஒரு உத்தரவு போட்டால் எங்கோ ஒரு நீதிபதி அதை நிறுத்தி வைக்கிறார். அதிபர் கேட்கும் பணத்தைக் காங்கிரஸ் தர மறுக்கிறது. இப்படி ஒருவர் காலை ஒருவர் பிடித்து இழுத்தால் நாடு எப்படி நடக்கும்? நம்ம ஊரில் இந்த அளவுக்கு உண்டா?"

நல்ல கேள்வி. ஆனால் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் பாடம் முழுவதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். பொறுமையாகப் படியுங்கள். இது உங்களில் பலருடைய வாழ்க்கையைத் தொட்ட கதை.

முதலில் அமெரிக்க ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1787-இல் அவர்கள் அரசியல் சட்டம் எழுதியபோது, அப்போதுதான் ஒரு மன்னரிடமிருந்து விடுபட்டிருந்தார்கள். எனவே அதிகாரத்தை ஒரே கையில் கொடுக்க அஞ்சினார்கள். சட்டம் இயற்றுவது காங்கிரஸ். நடத்துவது அதிபர். தீர்ப்பு சொல்வது நீதிமன்றம். காங்கிரஸ் இயற்றியதை அதிபர் மறுக்கலாம். இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு அந்த மறுப்பைத் தள்ளலாம். நீதிபதியை அதிபர் பெயர் குறிப்பார். செனட் ஒப்ப வேண்டும். சட்டம் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று அங்கே வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1803-இல் மார்பரி வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல்தான் அதை நிலைநாட்டினார்.

நம் நாட்டில் அந்த அதிகாரம் எழுத்திலேயே இருக்கிறது. அடிப்படை உரிமையைப் பறிக்கும் சட்டம் செல்லாது என்கிறது 13-ஆம் பிரிவு. உரிமை பறிபோனால் நேராக உச்சநீதிமன்றம் போகலாம் என்கிறது 32. உயர்நீதிமன்றம் போகலாம் என்கிறது 226. ஆனால் இன்னொரு பக்கம் நம் தடுப்புச் சுவர் மெல்லியது. அமெரிக்க அதிபர் காங்கிரஸில் உறுப்பினர் அல்ல. நம் பிரதமரும் முதலமைச்சரும் அவையில் பெரும்பான்மை வைத்திருப்பதால்தான் அந்த நாற்காலியில் இருக்கிறார்கள். ஆட்சி நடத்துபவரும் சட்டம் இயற்றும் பெரும்பான்மையும் இங்கே ஒரே பக்கம். அதனால்தான் இங்கே நீதிமன்றத்தின் "கூடாது" என்ற சொல்லுக்கு எடை அதிகம்.

அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐந்து மாதம் முடிவதற்குள் அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு வழக்கு போடப்பட்டது. வேறெங்கும் இல்லை, நம் சென்னையில்தான்.

அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாட்டைவிடப் பெரியது. நம் திருவண்ணாமலை அப்போது வட ஆர்க்காடு ஜில்லாவில் ஒரு ஊர். அவ்வளவு பெரிய மாகாணத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரிகள் நான்கே நான்கு. மொத்த இடங்கள் 330. அந்த இடங்களை வகுப்புவாரி அரசாணை என்று ஒன்று பிரித்துக் கொடுத்தது. கம்யூனல் ஜி.ஓ. என்று பெரியவர்கள் சொல்வார்கள். நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கி, பல திருத்தம் கண்ட ஏற்பாடு அது. 1950-இல் இருந்த கணக்கு இது: ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறிஸ்தவர் இருவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதி, "கூட்டிப் பாருங்கள், பதினான்கு வருகிறதா?" என்று கேட்டது சிலருக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூட வாசலையே பார்க்காத குடும்பங்களின் பிள்ளைகள் கல்லூரிக்குள் நுழையக் கதவு திறந்தது அந்தக் கணக்குதான்.

1950 ஜூன் மாதம் செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி சென்னை உயர்நீதிமன்றத்தில் மனு போட்டார். மருத்துவக் கல்லூரியில் சேர விசாரித்தபோது, தான் பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரிந்தது என்றார். பொறியியல் இடம் கேட்டு ஸ்ரீனிவாசன் என்பவரும் வழக்குப் போட்டார். ஜூலையில் உயர்நீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. அரசு மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமித்து அதையே சொன்னார்கள்.

இந்தத் தீர்ப்பைத் திட்டுவது எளிது. அதற்கு முன் தீர்ப்பின் காரணத்தைப் பாருங்கள். அரசு நிதியில் நடக்கும் கல்லூரியில் சாதி, மதம் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்று 29(2) சொல்கிறது. நலிந்த மக்களின் கல்வியை அரசு பேண வேண்டும் என்று 46 சொல்கிறதே என்று சென்னை அரசு வாதாடியது. 46 வழிகாட்டும் நெறி, 29 அடிப்படை உரிமை, நெறி உரிமையை மீற முடியாது என்றது நீதிமன்றம். அதோடு இன்னொன்றையும் சுட்டிக்காட்டியது. அரசு வேலைக்குப் பிற்பட்டோர் ஒதுக்கீடு செய்யலாம் என்று 16(4) இருக்கிறது. கல்விக்கு அப்படி ஒரு வரி அரசியல் சட்டத்தில் இல்லை. பூட்டு எங்கே இருக்கிறது என்று நீதிமன்றமே காட்டிக் கொடுத்தது போலத்தான் இது.

தமிழ்நாடு கொதித்தது. பெரியார் ஊர் ஊராகக் கிளர்ச்சி நடத்தினார். காங்கிரசுக்குள்ளிருந்தே காமராஜர் போன்றவர்கள் டெல்லியில் எடுத்துச் சொன்னார்கள். பிரதமர் நேருவும், சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கரும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்தார்கள். சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்புகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு தனி ஏற்பாடு செய்வதை எதுவும் தடுக்காது என்று 15(4) என்ற புது வரி சேர்ந்தது. 1951 ஜூன் 18 அன்று அது சட்டமானது. தீர்ப்பு வந்த நாளிலிருந்து எண்ணினால் எழுபதே நாள்.

அமெரிக்காவோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். 1895-இல் அங்கே வருமான வரிச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதைத் திருத்தி மீண்டும் வரி போடும் அதிகாரம் பெற 1913 வரை, 18 ஆண்டுகள் ஆயின. அங்கே திருத்தம் செய்ய இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கும் வேண்டும். நமக்கு அவ்வளவு கடினமில்லை. இந்த எளிமை நன்மையும் செய்தது, ஆபத்தையும் கொண்டுவந்தது. ஆபத்து என்னவென்று பிறகு சொல்கிறேன்.

இங்கே நான் சொல்ல வரும் முக்கியமான விஷயம் இதுதான். நீதிமன்றம் "கூடாது" என்றதால் பழைய கணக்கு அப்படியே திரும்பி வரவில்லை. வேறு வடிவத்தில் வந்தது. முன்பு 14 இடமும் வகுப்புகளுக்குள் பங்கு போடப்பட்டது. பொது இடம் என்று ஒன்றுமே கிடையாது. 1951-க்குப் பிறகு ஒரு பகுதி எல்லோருக்குமான பொதுப்போட்டி, மீதி பின்தங்கியவர்களுக்கு என்று ஆனது. ஒதுக்கீட்டுக்குக் காரணம் "பின்தங்கிய நிலை" என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியாயிற்று. ஒரு அரசாணையை அடுத்த அரசு ஒரு தாளில் மாற்றிவிடலாம். அரசியல் சட்டத்தின் வரியை அப்படி மாற்ற முடியாது. தடை போட்டவரால்தான் அடித்தளம் பலப்பட்டது.

நீதிமன்றம், நாடாளுமன்றம் இரண்டும் அல்லாமல் இன்னொரு தடுப்பும் உண்டு. 1979-இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார். எந்த நீதிமன்றமும் அதை ரத்து செய்யவில்லை. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அவர் கட்சிக்கு இரண்டே இடம் கிடைத்தது. வரம்பு போயிற்று, 31 விழுக்காடாக இருந்த பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 50 ஆயிற்று. விரலில் வைக்கும் மையும் ஒரு கடிவாளம்தான்.

பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என்று சேர்ந்து மொத்தம் 69 விழுக்காடு ஆனது. 1992 நவம்பர் 16 அன்று மண்டல் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ஒதுக்கீடு பொதுவாக 50-ஐத் தாண்டக் கூடாது என்றது. மறுபடியும் "கூடாது". இந்த முறை சட்டமன்றம் எழுந்தது. ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது 1993 டிசம்பரில் 69 விழுக்காட்டுச் சட்டம் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். நரசிம்ம ராவ் அரசு 1994 ஆகஸ்டில் 76-ஆவது திருத்தத்தின் மூலம் அதை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது.

ஒன்பதாவது அட்டவணை என்றால் என்ன? அதுவும் 1951 முதல் திருத்தத்தில் பிறந்ததுதான். ஜமீன் ஒழிப்புச் சட்டங்களை வழக்குப் போட்டு முடக்காமல் இருக்க 13 சட்டங்களை ஒரு பட்டியலில் வைத்து, அடிப்படை உரிமையைக் காட்டி இவற்றை எதிர்க்க முடியாது என்றார்கள். நம் சென்னையின் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் அதில் உண்டு. நல்ல நோக்கம். ஆனால் 13 என்று தொடங்கியது 280-ஐயும் தாண்டியது. வழக்கு வரும் என்று பயந்தால் அட்டவணைக்குள் போட்டுவிடலாம் என்று ஆயிற்று. நான் மேலே சொன்ன ஆபத்து இதுதான். திருத்துவது எளிது என்றால், பெரும்பான்மை உள்ளவர் எந்த உரிமையையும் திருத்திவிடலாம். நெருக்கடி நிலைக் காலத்தில் அது எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்தோம்.

இதற்கு நீதிமன்றம் கண்ட பதில், அமெரிக்க அரசியல் சட்டத்தில்கூட இல்லாதது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில், ஏழுக்கு ஆறு என்ற ஒரே வாக்கு வித்தியாசத்தில், அரசியல் சட்டத்தைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்க முடியாது என்றது. 2007 ஜனவரி 11 அன்று, நம் நீலகிரியின் கூடலூர் ஜன்ம நிலங்கள் பற்றிய வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து இன்னும் ஒருபடி போனார்கள். அந்த 1973 தேதிக்குப் பிறகு அட்டவணையில் சேர்ந்த சட்டங்களையும் அடிப்படைக் கட்டமைப்பை வைத்துச் சோதிக்கலாம் என்றார்கள். 69-ம் அந்தத் தேதிக்குப் பிறகு சேர்ந்ததுதான்.

அதனால் 69 ரத்தானதா? இல்லை. முன்பே, 1990-களில், உச்சநீதிமன்றம் ஒரு நடுவழி கண்டது: 69-ஆல் இடம் இழக்கும் பொதுப்போட்டி மாணவருக்குக் கூடுதல் இடம் உண்டாக்கிக் கொடுங்கள் என்றது. 2010-இல், எண்ணிக்கையோடு கூடிய ஆதாரத்தைக் காட்டிப் பரிசீலியுங்கள், அதுவரை தொடரட்டும் என்றது. பிற்படுத்தப்பட்டோர் ஆணையம் ஆராய்ந்து பரிந்துரைத்தது, அரசு தொடர்ந்தது. எதிர்த்து வழக்குகள் வராமல் இல்லை. ஆனாலும் 69 இன்றும் நடைமுறையில் இருக்கிறது. "நாங்கள் பெரும்பான்மை" என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் "இதோ கணக்கு" என்று அரசு சொல்ல வேண்டி வந்தது. அதுதான் கடிவாளம் செய்யும் வேலை.

இன்னும் ஒன்று, அண்மையில் நடந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் மசோதா 2020 செப்டம்பரில் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறி ஆளுநரிடம் போனது. அமெரிக்க அதிபருக்கு மசோதா போனால், ஞாயிறு நீங்கலாகப் பத்து நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. நம் 200-ஆம் பிரிவில் நாள் கணக்கு இல்லை. கலந்தாய்வு நெருங்கியது, ஒப்புதல் வரவில்லை. அக்டோபர் 29 அன்று அரசு தன் நிர்வாக அதிகாரத்தைக் கொண்டு அரசாணை போட்டது. மறுநாள் ஆளுநர் ஒப்புதல் தந்தார். முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவம் சேர்ந்தார்கள். இதையும் எதிர்த்து வழக்கு வந்தது. 2022 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் ஆராய்ந்து, செல்லும் என்றது, சில ஆண்டுகளில் மறுபரிசீலனை வேண்டும் என்ற குறிப்போடு. செங்கத்திலோ ஜவ்வாது மலையிலோ படிக்கும் ஒரு பெண்பிள்ளைக்கு இந்த மசோதா, அரசாணை, ஒப்புதல், தீர்ப்பு ஆகிய நான்கும் வெறும் செய்தி அல்ல.

இனி அமெரிக்காவிலிருந்து கேட்ட தம்பிக்குப் பதில். இழுப்பு நம்மிடமும் உண்டு. அங்கே இழுப்பு பெரும்பாலும் அதிபருக்கும் காங்கிரசுக்கும் நடுவில் தெரியும். இங்கே நீதிமன்றத்துக்கும் மற்ற இருவருக்கும் நடுவில் தெரியும். இழுக்கும்போது வேலை தாமதப்படுவது உண்மை. அந்தத் தாமதத்தில் சிலர் இடம் இழந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் செண்பகத்தின் மனு ஒரு குடிமகளின் உரிமை. அதைக் கேட்டது நீதிமன்றத்தின் கடமை. அதற்கு விடை கண்டது நாடாளுமன்றத்தின் பொறுப்பு. எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது மக்கள். நான்கில் ஒன்று ஊமையாகியிருந்தாலும் மிச்ச மூன்றும் கெட்டுப்போயிருக்கும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நமக்குப் பிடித்த தீர்ப்பு வந்தால் நீதிமன்றம் வாழ்க என்றும், பிடிக்காதது வந்தால் நீதிபதி யார் என்று கேட்பதும் வீட்டு வாட்ஸ்அப் குழுக்களில் வழக்கமாகிவிட்டது. ஆளுங்கட்சிக்கும் அப்படியே செய்கிறோம். அடுத்த முறை ஒரு தீர்ப்பு வந்தால் யாருக்கு வெற்றி என்று கேட்கும் முன், என்ன காரணம் சொன்னார்கள் என்று கேளுங்கள். காரணத்தைப் படித்தவன்தான் 1951-இல் விடுபட்ட அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்தான்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பேரப்பிள்ளைகள் வீட்டில் இருந்தால் 15(4) எப்படி வந்தது என்று இன்று இரவு சாப்பிடும்போது சொல்லுங்கள். தேர்வில் கேட்டாலும் கேட்பார்கள். சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருவண்ணாமலை