பனங்கொட்டை பொறுக்கும் காலம்



ஆவணி பிறந்துவிட்டது. பத்தமேனி, தோப்பு, வல்லைப் பக்கத்துப் பனங்காணிகளில் பழம் விழத் தொடங்கிவிட்டது. முன்பு விடியப்புறம் கடகத்தோடு ஓடிப்போய்ப் பொறுக்குவார்கள். பிந்திப் போனவருக்கு ஒன்றும் மிஞ்சாது. இப்போது மாடு சூப்பியதும் வண்டு துளைத்ததுமாக, விழுந்த இடத்திலேயே பழங்கள் கிடக்கின்றன.

வகுப்பில் வரலாறு படிப்பிக்கும்போது அரசர்களைச் சொல்கிறோம், கோட்டைகளைச் சொல்கிறோம், யார் எப்போது வந்து பிடித்தார்கள் என்று ஆண்டுகளைச் சொல்கிறோம். அந்த ஆண்டுகளில் எல்லாம் இந்த மண்ணின் சனம் எதைச் சாப்பிட்டு உயிரோடு இருந்தது என்று பாடப்புத்தகம் பெரிதாகச் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்கான விடையில் ஒரு பங்கு இந்தக் காணிகளில் நிற்கிறது. அதனால் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் கொஞ்சம் தூரத்துக் கதை. மத்தியதரைக் கடலில் கோர்சிக்கா என்று ஒரு தீவு இருக்கிறது. மலையும் கல்லும். கோதுமை நன்றாக விளையாத நிலம். 1584இல் அந்தத் தீவை ஆண்ட ஜெனோவாக்காரர் ஒரு கட்டளை போட்டார்கள்: காணி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் வருடம் நான்கு மரம் நட வேண்டும். ஒலிவ், அத்தி, மல்பெரி, நான்காவது செஸ்நட். இந்தச் செஸ்நட் கொட்டையை இலையுதிர்காலத்தில் பொறுக்கி, புகையில் காயவைத்து, மாவாக்கி, அதில்தான் ரொட்டியும் களியும் செய்தார்கள். பிரான்சின் செவென் மலைப்பகுதியில் அந்த மரத்துக்குப் பெயரே ரொட்டி மரம். பொறுக்கவும் அறிவு வேண்டும். பார்வைக்கு அதேபோல இருக்கும் குதிரைச் செஸ்நட் நஞ்சு. சாப்பிடக்கூடியதன் கூடு முள்ளம்பன்றிபோல நெருக்கமான மெல்லிய முள். நஞ்சுக் கொட்டையின் கூட்டில் குட்டையான முள் ஐதாக இருக்கும். அங்கே பிள்ளைகள் இதைத் தாய் தகப்பனிடம் பழகினார்கள்.

எங்கள் குடாநாட்டையும் நினைத்துப் பாருங்கள். வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. கீழே சுண்ணக்கல். மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை. அந்த மழையை நம்பி வருடத்துக்கு ஒரு நெல்லு. மழை பொய்த்தால் அதுவும் இல்லை. அப்படியான நிலத்தில் தண்ணீர் ஊற்றாமல், எரு போடாமல் நின்று காய்த்த மரம் பனை. கோர்சிக்காவுக்குச் செஸ்நட் எதுவோ, யாழ்ப்பாணத்துக்குப் பனை அது. அதன் மாவுதான் ஒடியல் மா.

பனையைத் தெரியாதவர் யார் என்று கேட்பீர்கள். தூரத்தில் நின்று பார்த்துப் பனை என்று சொல்வது எல்லோருக்கும் முடியும். மரத்தை அறிவது வேறு. வடலியைப் பார்த்து அது ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. பாளை தள்ளும்வரை, அதாவது 12 முதல் 20 வருடம்வரை காத்திருக்க வேண்டும். ஆண்பனையின் பாளை விரல்கள்போலக் கிளைத்து நீளும். பெண்பனையின் பாளையில் குரும்பை பிடிக்கும். இரண்டிலும் பாளை சீவி நீர் இறக்கலாம்; காய் பெண்பனைக்கு மட்டும். பெண்பனையிலும் ஒரு மரத்துப் பழம் கறுப்பு, அடுத்த மரத்துப் பழம் சிவப்பு. ஒன்றின் களி தேனாக இனிக்கும், இன்னொன்று காறும். எந்தக் காணியில் எந்த மரம் பணியாரத்துக்கு, எது பினாட்டுக்கு என்று வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம்.

இனி அதன் நாட்காட்டி. வைகாசி, ஆனியில் நுங்கு. நுங்கு முற்றினால் சீக்காய். ஆடி முடிய, ஆவணியில் பழம். பழத்தைச் சுட்டுப் பிசைந்து களி எடுத்துப் பணியாரம் சுடுவார்கள். மிச்சக் களியைப் பாயில் ஊற்றி, காயக் காய மேலே ஊற்றி, தோலாக உரித்தால் பினாட்டு. களி எடுத்த கொட்டையை எறிவதில்லை. ஒரு பழத்தில் ஒன்று முதல் மூன்று கொட்டை. அதை நிழலில் குவித்து வைத்து, புரட்டாதியில் மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கி, மேடாகப் பாத்தி கட்டி, நெருக்கமாக அடுக்கி மூடுவார்கள். பிறகு ஐப்பசி மழை தன் வேலையைச் செய்யும். முளை மேலே வராமல் முதலில் கீழே இறங்கும். தை, மாசியில் கிண்டினால் கிழங்கு. கொட்டையைப் பிளந்தால் உள்ளே பூரான், பிள்ளைகளின் பங்கு. வெறும் கோது ஊமல், அது அடுப்புக்கு.

கிழங்கைப் பச்சையாகக் கிழித்து மாசி வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் காய்ந்துவிட்டால் அடுத்த மாரிவரை பெட்டியில் கிடக்கும். பஞ்சத்துக்கு உதவியது இந்தக் குணம். ஆனால் ஒடியல் மாவை அரிசி மா மாதிரி எடுத்து உடனே சமைக்கக் கூடாது. அதில் கைப்பு உண்டு, உடம்புக்கு ஒவ்வாத பொருளும் உண்டு. தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, பிழிந்து, பிறகு நன்றாக வேகவிட வேண்டும். எங்கள் முன்னோர் ஆய்வுகூடம் இல்லாமலே இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

பனைக்கும் மரத்துக்கும் எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்தார். 12 முதலிமார் பார்த்துச் சரி என்றார்கள். சீதனம், முதுசொம் பற்றிப் பேசும் அதே சட்டம், ஒருவர் நிலத்தில் இன்னொருவர் மரம் வைத்தால் பலன் யாருக்கு, கிளை அயல் காணிக்குள் நீண்டால் பழம் யாருக்கு என்றும் பேசுகிறது. பனை வளையும் சிலாகையும் இங்கிருந்து கப்பலேறி இந்தியக் கரைக்குப் போயின. 1850இல் வில்லியம் பேர்குசன் என்பவர் இலங்கைப் பனை பற்றித் தனி நூலே எழுதினார். பனைக்கு 801 பயன் உண்டு என்று பாடும் தால விலாசம் என்ற தமிழ் நூலை இன்றும் பலர் எடுத்துச் சொல்வது அந்த நூலின் வழியாகத்தான்.

இந்த வரலாற்றில் பெருமை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். தளைநாரைக் காலில் மாட்டி, பாளைக்கத்தியோடு காலையும் மாலையும் மரம் ஏறிய மனிதரின் முட்டியில் இருந்துதான் பனங்கட்டி வந்தது. அந்தப் பனங்கட்டியை வாங்கிய ஊர், அவர் கிணற்றில் வாளி தொட விடவில்லை. தேத்தண்ணிக் கடையில் அவருக்கு வேறு குவளை. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அது கடதாசியில் இருந்தது. 1960களின் பிற்பகுதியில் கடைகளுக்கும் கோயில்களுக்கும் முன்னால் மனிதர்கள் போராடி நின்ற பிறகுதான் கதவுகள் திறக்கத் தொடங்கின. பிள்ளைகளுக்குப் பனையைப் படிப்பிக்கிறோம் என்றால் இதையும் சேர்த்தே படிப்பிக்க வேண்டும். இன்று ஏறுவதற்கு ஆள் இல்லை என்று குறைப்படுகிறோம். இவ்வளவு அவமானத்தோடு கட்டிவைத்த தொழிலைத் தன் மகனுக்குக் கொடுக்க எந்தத் தகப்பன் விரும்புவார்?

எங்கள் சமூகத்துக்கும் பனைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கிறார்கள். கள் எங்களுக்கு விலக்கு. ஆனால் முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் நீர் புளிக்காது. அது கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி, பனங்கற்கண்டு. ஒரே மரம், ஒரே பாளை; சுண்ணாம்புதான் வித்தியாசம். சோனகத்தெருவில் இருந்து துணிமூட்டையோடும் பழைய இரும்புக்காகவும் சைக்கிளில் வலிகாமத்துக் கிராமங்களுக்கு வந்துபோன எங்கள் அப்பாமார், திரும்பும்போது குட்டானில் பனங்கட்டியும் ஒரு கட்டுக் கிழங்கும் கொண்டுபோவார்கள். நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்ட ஒடியல் கூழ் சோனகத்தெரு அடுப்பிலும் கொதித்தது.

பசி வந்த காலங்களைப் பாருங்கள். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் இலங்கைக்கு வந்த பர்மா அரிசி நின்றது. கூப்பனுக்கு அளந்த அரிசி போதவில்லை. குரக்கனும் ஒடியலும் கைகொடுத்தன. 1990க்குப் பின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனி இல்லாத வீடுகளில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தார்கள். அதே காலத்தில் பனைகள் தறிக்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கு மூடியாகின. சனத்தைப் பசியில் இருந்து காத்த மரம் எறிகணையில் இருந்தும் காத்தது. எத்தனையோ பனங்கூடல்கள் அப்படி அழிந்தன.

இப்போது ஒரு திகதியைச் சொல்கிறோம். ஒக்டோபர் 30.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் மழையோடு தென்மராட்சிக்கு நடந்தது. அச்சுவேலியும் அதில் அடக்கம். இரண்டு சமூகமும் ஒரே திகதியில் வீட்டைப் பூட்டின. இரண்டுமே ஐப்பசி. அதாவது பாத்தி போட்டு மூடி, முதல் மழை விழும் மாதம்.

பாத்தியைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? கிழங்கு தும்பாகும். மண்ணுக்கு மேலே ஓலை விரியும். சில வருடத்தில் அது வடலி. 1996 சித்திரையில் தென்மராட்சியில் இருந்து சனம் திரும்பத் தொடங்கியபோது கிழங்குக் காலம் கடந்துபோயிருந்தது. அயலூரான வளலாயில் 2015இல் காணி விட்டபோது உரிமையாளர்கள் பற்றைக்குள் தங்கள் வேலியைத் தேடினார்கள். மரம் எங்களுக்காகக் காத்திருக்கும். அது நூறு வருடம் வாழக்கூடியது. அறிவு அப்படிக் காத்திருக்காது. அது ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்குப் போக வேண்டும். இடையில் ஒரு தலைமுறை விடுபட்டால் போதும்.

அந்த விடுபட்ட தலைமுறை நாங்கள்தான். புத்தளத்து முகாம்களில் வளர்ந்தோம். கற்பிட்டிப் பக்கம் பனை நின்றது. பாத்தி போட எங்களுக்கு நிலம் இருக்கவில்லை. ஒடியல் கூழ் எங்களுக்கு உம்மும்மா சொன்ன கதை. குடித்த சாப்பாடு அல்ல. ஊர் திரும்பி, ஆசிரியராகி, இங்கே படிப்பிக்க வந்த பிறகுதான் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் மாவை எத்தனை தரம் ஊறவைத்துப் பிழிவது என்று கையைப் பிடித்துக் காட்டித் தந்தார். “பிள்ளை, தண்ணியை வாயில வைச்சுப் பார். கைச்சா இன்னும் ஒருக்கா ஊத்து” என்றார். எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்காது.

ஆனால் இடம்பெயர்ந்து வளர்ந்தவர்களின் கதை மட்டும் இது என்று நினைக்க வேண்டாம். போன மாசியில் வகுப்பில் கேட்டோம்: பாத்தி கிண்டியவர்கள் கை உயர்த்துங்கள். நாலு கைகள். எல்லோரும் பனங்காணிகளுக்கு நடுவில் பிறந்த பிள்ளைகள். பூரான் என்றதும் சிலர் பூச்சியை நினைத்துச் சிரித்தார்கள். நகரத்துக் கடையில் பொலித்தீன் பையில் அடைத்த புழுக்கொடியலை வெளிநாட்டு மாமாவுக்கு வாங்கி அனுப்புகிறோம். அதை நாங்களே செய்வது மறந்துபோகிறது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது, கைதடியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பனை தறிக்க அனுமதி எடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இவை மரத்தைக் காக்கலாம். விடியப்புறம் போய்ப் பொறுக்குகிற பழக்கத்தை எந்தச் சபையும் காக்க முடியாது.

ஆகவே இந்த வருடம் ஒன்று செய்வோம். காணிக்காரர்களிடம் கேட்டு, பிள்ளைகளோடு பழம் பொறுக்குவோம். ஒரு வீட்டுக்கு ஐம்பது கொட்டை போதும். முற்றத்து மூலையில் ஒரு கதவளவு இடம் போதும். புரட்டாதி முடியமுன் பாத்தியை மூடிவிடுங்கள். தை பிறந்ததும் ஓரத்தில் ஒன்றைக் கிண்டிப் பாருங்கள்; தும்பு வைக்கமுன் எடுத்துவிட வேண்டும். பத்துக் கொட்டையை மட்டும் கிண்டாமல் விடுங்கள். அவை வடலியாகட்டும். அவற்றின் பழத்தை நாங்கள் பார்ப்போமோ தெரியாது. இப்போது நாங்கள் பொறுக்கும் பழமும் யாரோ கிண்டாமல் விட்ட கொட்டைதான்.

வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: எந்த மரத்துப் பழம் இனித்தது, மாவை எத்தனை தண்ணியில் ஊறவைத்தார்கள், இடம்பெயர்ந்த வருடம் பாத்தியில் எவ்வளவு கொட்டை கிடந்தது. கேட்டதை ஒரு கொப்பியில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். தை மாதம் பாடசாலை திறந்ததும் அந்தக் கொப்பிகளில் இருந்துதான் வரலாற்றுப் பாடத்தைத் தொடங்கப் போகிறோம்.