மணிமுத்தாறும் கமலாலயமும்: முதுகுன்றத் தொன்மத்தின் நீர்வழி

விருத்தாசலத்தில், முதுகுன்றத்தின் அடியில் மணிமுத்தாறு ஓடுகிறது. கல்வராயன் மலையில் தோன்றும் இவ்வாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றொடு கலந்து, பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகிறது. (இது வடவெள்ளாறு, புதுக்கோட்டைப் பகுதியில் ஓடும் வெள்ளாறு வேறு.) தேவாரம் இதனை முத்தாறு எனக் குறிக்கிறது.

இதே ஆற்றுக்கு மற்றொரு நீர்வழியும் கூறப்படுகிறது. சுந்தரர் முதுகுன்றத்தில் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணச் செய்தி. நில அமைப்பின்படி இது இயலாதது. திருவாரூர் ஓடம்போக்கியாறு பாயும் காவிரிப் படுகையில் உள்ளது. இடையே கொள்ளிடமும் காவிரியும் குறுக்கிடுகின்றன. ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்று உலக வழக்கு அறியாமையைச் சுட்டுவதும் இதனாலேயே. நிலத்தடி நீர்வழி ஒன்று இருந்திருக்கக்கூடும் என்று விளக்க முற்படுவது தொன்மத்துக்கும் நிலவியலுக்கும் ஒருசேர இழைக்கும் பிழை.

சுந்தரரின் முதுகுன்றப் பதிகத்தில் பொன் உண்டு, பரவையின் முன்னிலையில் அதனை வேண்டும் தவிப்பும் உண்டு; ஆற்றில் இட்ட செய்தி வெளிப்படையாக இல்லை. அந்நிகழ்வு விரிவாக உருப்பெறுவது பன்னிரண்டாம் நூற்றாண்டில், சேக்கிழாரிடம். அவர் சேர்க்கும் ஒரு நுண்செய்தியே ஆய்வுக்குரியது. பொன்னை ஆற்றில் இடுமுன் சுந்தரர் அதிலிருந்து மச்சம் வெட்டி வைத்துக்கொள்கிறார். குளத்தில் எடுத்த பொன்னை அதனோடு உரைத்துப் பார்க்க, மாற்றுக் குறைகிறது. மீண்டும் பாடிய பின்னரே மாற்று ஒக்கிறது. மாதிரியை வைத்துக்கொண்டு, சேருமிடத்தில் தரம் சோதிக்கும் இம்முறை பொன்வணிகத்தில் பழகியோரின் நடைமுறை. இறைவனே தந்த பொன்னையும் உரைத்துப் பார்க்கும் எச்சரிக்கை அடியார் ஒருவருக்குப் பொருந்துமோ என்ற தயக்கம் சேக்கிழாருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. திருவாரூரில் இச்சோதனையோடு தொடர்புடைய பிள்ளையார் மாற்றுரைத்த விநாயகர் எனப்படுகிறார்.

ஆகவே, தொன்மத்தின் ஆறு நீரைவிடச் செல்வத்தைக் கொண்டுசெல்லும் வழியாகவே அமைகிறது. நடுநாட்டுத் தலம் ஒன்றைச் சோழநாட்டின் தலைமைத் தலத்தோடு அது பிணைக்கிறது. அப்பிணைப்புக்கு அரசியல் பின்புலமும் உண்டு: முதுகுன்றக் கோயிலைக் கற்றளியாக்கியவர் செம்பியன் மாதேவி, காலம் உத்தமசோழனின் ஆட்சி (970–985). சேக்கிழார் எழுதுகையில் இப்பகுதி சோழராட்சிக்குட்பட்டுப் பல தலைமுறைகள் கடந்திருந்தன. மணிமுத்தாற்றின் உண்மையான முடிவிடமான கூடலையாற்றூரிலும் சுந்தரர் பாடியுள்ளார். எனினும் பொன் அவ்வழி செல்லவில்லை.