சொல் கடந்த கலைகள்

மொழியே ஓர் இனத்தின் உயிர் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் உள்ளத்தில் எழுவன அனைத்தையும் சொல்லால் உரைத்துவிட இயலுமோ என்னும் வினா எழுகின்றது. நம் முன்னோர் இவ்வினாவுக்குக் கலையாலேயே விடை கண்டனர். சொல் நின்ற இடத்தில் யாழும் குழலும் தொடர்ந்தன. எப்பொருளையும் சுட்டாத புள்ளியும் கோடும் வாயில்தோறும் பூத்தன. ஊரார்க்குப் பொதுவாக இருந்த இக்கலைகள் தனிமனித உள்ளத்தின் வெளிப்பாடாக வளர்ந்த வரலாறு, பிறந்த மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

இதற்குப் பிச்சாட்டூர் நல்லதொரு தோற்றுவாய். ஊத்துக்கோட்டையிலிருந்து சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் வழியாகப் புத்தூர் செல்லும் சாலையில், ஆரணியாற்று நீர்த்தேக்கத்தை அடுத்துள்ளது இவ்வூர். 1953 ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடவெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கர் பரிந்துரையின்படியும், 1960 ஏப்ரல் 1 ஆம் நாள் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. பிச்சாட்டூரோ ஆந்திரத்தில் அமைந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. நிலப்படத்தில் இவ்வாறு எல்லைக்கோடு விழுந்தது. வைகறையில் பெண்கள் இழுக்கும் மாக்கோட்டுக்கு மட்டும் எவ்வெல்லையும் விழவில்லை. தமிழர் அதனைக் கோலம் என்றனர். தெலுங்கர் முக்கு என்றனர். திருவிழாவில் நாதசுரம் பொழியும் தோடி எம்மொழிக்கு உரியது என்று எவரும் வழக்காடவில்லை.

கருவியிசை நம்மிடம் புதிதாகப் புகுந்ததன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இசையாசிரியனுக்கு மட்டுமன்றிக் குழலோனுக்கும் யாழ்ப்புலவனுக்கும் தனித்தனியே இலக்கணம் வகுக்கின்றது. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், எழுத்தமைதியால் 7 ஆம் நூற்றாண்டை ஒட்டியதெனக் கருதப்படும் கல்வெட்டு ஒன்று உண்டு. அதில் பாடல் இல்லை; சுரக்கோவைகளே வரிவரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. சொல்லற்ற இசையையும் கல்லில் காத்து வைக்கத் தக்க செல்வமாக அக்காலத்தார் மதித்தனர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ! இறைவன் திருவுலாவில் நாதசுரத்தில் முழங்கும் மல்லாரிக்கும் பாடற்சொல் கிடையாது.

எனினும் மல்லாரி கோயிலின் குரல். வாசிப்பவரின் தனிக்குரல் ஓங்கி ஒலிப்பது இராக ஆலாபனையில்தான். சென்னையில் வாழ்ந்த வீணை தனம்மாள் (1867–1938) தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். பெருங்கூட்டத்தை நாடாத அந்த மெல்லிசையைக் கேட்கத் தேர்ந்த சுவைஞர் அவர் இல்லம் தேடி வந்தனர். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையோ (1898–1956) ஊரையே தம் தோடியால் ஈர்த்தார். உச்சக் குரலில் ஒலிக்கும் குட்டையான திமிரிக்கு மாற்றாக, நீண்டு தாழ்ந்து ஒலிக்கும் பாரி நாதசுரத்தை அவர் பரப்பினார். நெஞ்சில் கேட்ட ஒலிக்கு ஏற்பக் கருவியே மாறியது. மரபுவழி வந்த இராகம் தனியொருவரின் வாக்குமூலமாகும் அருமையை இங்கே காண்கிறோம்.

அந்த ஒலி மொழியெல்லையையும் கடந்தது. ஆந்திரத்துக் கரவதியில் 1924 இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, இராசரத்தினம் பிள்ளையின் பாணியில் உள்ளம் பறிகொடுத்தார். நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்று, திருவரங்கத்தையே தம் ஊராக்கிக் கொண்டார். தாய்மொழியும் சமயமும் வேறாயினும் அவர் கருவி பேசியது காவிரிக்கரையின் நாதமே.

இனி வண்ணமும் கோடும் நோக்குவோம். கோயம்புத்தூரில் 1911 இல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். 1963 அளவில் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையில், எழுத்துப்போலத் தோன்றிப் படிக்க இயலாத வரிகளும் சாதகக் கட்டங்களை நினைவூட்டும் வடிவங்களும் நிறைந்திருந்தன. படித்தறிய ஒன்றுமில்லை, பார்த்துணர மிகுதியும் உண்டு. 1966 இல் அவர் முன்னின்று நிறுவிய சோழமண்டலம் கலைஞர் கிராமம் இத்தகைய முயற்சிகளுக்கு நிழல் தந்தது.

அதே காலத்தில்தான் கணிப்பொறியும் கலைக்கூடத்தினுள் நுழைந்தது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கியார்க் நேஸும், நியூயார்க்கில் மைக்கேல் நோலும் பேலா ஜூலெஸும் 1965 ஆம் ஆண்டு கணிப்பொறி வரைந்த உருவங்களைக் காட்சிக்கு வைத்தனர். விதிகளை மனிதன் வகுக்க, பொறி கோடிழுத்தது. இச்செய்தி மேலைநாட்டார்க்குப் புதுமையாயிருந்திருக்கலாம். புள்ளி வைத்து, விதி தவறாமல், எல்லாப் புள்ளிகளையும் வளைத்துத் தொடங்கிய இடத்திலேயே முடியும் சிக்குக்கோலத்தை நாள்தோறும் இட்ட நம் பெண்களுக்கோ இது பழகிய நெறியே. இதனை உணர்ந்தவர்கள் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் ஆவர். கோல வடிவங்களுக்குக் கணிப்பொறியியல் நெறியில் இலக்கணம் வகுத்து 1974 இல் அவர்கள் கட்டுரை வெளியிட்டனர். சிறுவடிவம் ஒன்றை விதிப்படி மாற்றி மாற்றிப் பெருங்கோலமாக விரிப்பது அந்நெறி. மொழிக்கு இலக்கணம் கண்ட நாட்டில் கோலமும் இலக்கணம் பெற்றது மகிழ்ச்சிக்குரியதன்றோ!

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? புலம்பெயர்ந்த இல்லங்களில் தமிழெழுத்துத் தடுமாறும் பிள்ளைகள் பெருகி வருகின்றனர் என்பதை நாம் அறிவோம். அவர்கள் அறைக்குள் அமர்ந்து கீபோர்டில் தாமே புனைந்த இசையை மீட்டுகின்றனர். கணிப்பொறித் திரையில் பெயரிட முடியாத வண்ணக்கோலங்களை வரைகின்றனர். "இதற்கு என்ன பொருள்?" என்று கடிந்து கேட்கும் பெற்றோர், வாயிற்கோலத்திற்கும் தோடிக்கும் என்ன பொருள் என்று ஒருகணம் எண்ணுதல் வேண்டும். சொல் கிட்டாத பிள்ளையின் ஏக்கமும் களிப்பும் அந்த ஒலியிலும் வண்ணத்திலும் இருக்கக்கூடும்.

அதுகொண்டு மொழி வேண்டா என்பது நம் கருத்தன்று. இராசரத்தினம் பிள்ளையின் உரிமைக்குப் பின்னே கடும் பயிற்சி நின்றது. பணிக்கரின் படிக்கவொண்ணா வரிகளுக்குப் பின்னே படிக்கவல்ல எழுத்து நின்றது. வேரறிந்தவர்க்கே விடுதலை வாய்க்கும். எனவே பிள்ளைகளின் கலையைப் பொறுமையுடன் கேட்போம், காண்போம். அதனருகே ஒரு பண்ணையும் ஒரு புள்ளிக்கோலத்தையும் அரிச்சுவடியையும் வைப்போம். சங்க விழாக்களில் பேச்சுக்கும் பாட்டுக்கும் அளிக்கும் மேடையில், அவர்தம் சொல்லற்ற படைப்புகளுக்கும் இடமளிப்போம். அவ்வழி வந்தேனும் அவர்கள் தமிழின் வாயிலை அடைவராக!